சென்னியம்மாளின் ஞாபகத்தைத் திருத்திய வரலாறு

என் மனைவியின் ஞாபகத்தைத் திருத்துவது என்று போன ஆடி மாதம் முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு அல்ல. ஆற அமர யோசித்து, அறிவியலின் துணையோடு எடுத்த முடிவு.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எருமப்பட்டிப் பக்கம் மரவள்ளிக் கிழங்குக்கு நியாய விலை கேட்டு நடந்த மறியல்களில் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்தவன். ஆத்தூர் சாலையில் ஒருமுறை மண்டை உடைந்தவன். அன்று எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களில் ஒருவர் இன்று கோழிப்பண்ணை முதலாளி. இன்னொருவர் லாரி முதலாளி. இருவருமே என்னைக் கண்டால் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எனக்குக் கிடைத்தது, மழை வருவதை ஒரு நாள் முன்னதாகவே சொல்லும் ஒரு முழங்கால். பள்ளிக்கூடம் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. கூட்டங்களில் விற்கும் சிறுநூல்கள்தான் என் கல்லூரி. பூமி ஏன் சுற்றுகிறது, பேய் ஏன் இல்லை, முதலாளிக்கு லாபம் எங்கிருந்து வருகிறது, எல்லாம் அவற்றில் படித்தவை. கடவுள் இல்லை என்பதும் அப்படிப் படித்ததுதான். என் பெயர் அருணகிரி. அதற்கு நான் பொறுப்பல்ல. அப்பா வைத்தது.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். எனக்கு ஒரே மகன், வளவன். போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறான். மருமகள் சத்யபிரியாவும் பேத்தி யுவஸ்ரீயும் எங்களோடு. பேத்திக்கு வயது மூன்று. தலை நிறையச் சுருட்டை முடி. அந்த முடியில்தான் சென்னியம்மாள் கண் வைத்தாள்.

"ஏனுங்க, கொழந்தைக்கு மூணு வயசு ஆகிப்போச்சு. ஒத்தப்படை வயசு. ஆவணில கருப்பனார் கோயிலுக்குப் போயி முடி எறக்கிட்டு வந்தர்லாமுங்க."

"அந்த முடியில கருப்பனாருக்கு என்ன வேலை?"

"வேலையெல்லாம் ஒன்னுமில்லீங்க. நம்ம கொலதெய்வம். கொடுக்கறது மொறை."

"ஒரு வயசுல கேட்டே, மாட்டேன்னேன். இப்பவும் மாட்டேன். என் ஊட்டுல யார் தலையும் யார் முன்னாடியும் குனியாது."

"குனிஞ்சா முடி எடுக்க முடியாதுங்க. நிமுந்துதான் ஒக்காரோணும்."

மகனுக்குப் போன் போட்டேன். ரிக் சத்தத்துக்கு நடுவே, "அம்மாவும் நீங்களும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கப்பா. எதுன்னாலும் எனக்குச் சம்மதம்," என்றான். வீரத்தமிழ்ப் பெயரை வைத்து நான் வளர்த்த பிள்ளை, நடுநிலை வகித்தான்.

அந்த வாரம் நாமக்கல்லில் ஒரு புத்தகக் கடையில் முப்பத்திரண்டு பக்கச் சிறுநூல் ஒன்று கிடைத்தது. மனித மனம் எப்படி நினைக்கிறது, எப்படி நினைவு கொள்கிறது என்பதைப் பற்றியது. நினைவு என்பது கிடங்கில் அடுக்கிய மூட்டை அல்ல என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகச் செய்கிறது. கேட்கிற கேள்வியும் அதில் கலந்துவிடுகிறது. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சிலர் சத்தியம் செய்யும் அளவுக்கு நம்பிவிடுவார்கள். அதற்கு வேண்டியது, உண்மையான விவரங்களுக்கு நடுவில் பொய்யை வைப்பது. அதைப் படமாக மனதில் பார்க்கச் சொல்வது. சில நாள் விட்டு மறுபடி கேட்பது. நம்பிக்கையான ஒருவர் 'ஆமாம்' என்று சொல்வது. ஆகவே சாட்சிகளின் வாக்குமூலத்தை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று நூலாசிரியர் முடித்திருந்தார்.

நான் எச்சரிக்கையை அவருக்கே விட்டுவிட்டுச் செய்முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இதை ஏமாற்று என்று யாரும் சொல்ல வேண்டாம். வரலாற்றில் நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்காமல் போயிருந்தால், அதைத் தாமதமாகவேனும் நடத்தி வைப்பது போராளியின் கடமை. எங்கள் திருமணம் ஐயர் இல்லாத திருமணம். ஜவ்வரிசி மில் களத்தில் மேடை போட்டு நடந்தது. மில்காரர் எங்களுக்கு எதிரிதான். ஆனால் ஊரில் பெரிய களம் அவருடையதுதான். மேடையில் மணமகளையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சென்னியம்மாள் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள். அவ்வளவுதான் பேசினாள். கொள்கை முழக்கம் எதுவும் செய்யவில்லை. அந்தக் குறையை இப்போது நிவர்த்தி செய்வது என் திட்டம்.

மறுநாள் காலை அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"சென்னி, நம்ம கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்குதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மைக்கு கூவுச்சா இல்லையா?"

"கூவுச்சுங்க. நாய்க்கு அடிபட்ட மாதர."

"மழை தூறுச்சா?"

"தூறுச்சு. எலுமிச்சஞ்சோத்துப் பொட்டலமெல்லாம் நனஞ்சுபோச்சு."

"உன்னப் பேசச் சொன்னாங்க."

"சொன்னாங்க. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னனுங்க."

"அதுக்கு முன்னால ஒன்னு சொன்னே."

"என்னத்தச் சொன்னேன்?"

"'எங்க வம்சத்துல பொறக்கிற எந்தக் கொழந்தைக்கும் சாமி பேரால முடி எறக்க மாட்டோம்'னு சொன்னே. கூட்டமே கை தட்டுச்சு."

"மழைலயா?"

"மழைலதான்."

அவள் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். "எனக்கு அப்பப் பத்தொம்போது வயசுங்க. மைக்கப் பாத்தாவே கை ஒதறும். அத்தாம் பெரிய வாக்கியத்தச் சொல்லீருப்பனுங்களா?"

"சொன்னே. கண்ண மூடி அந்த மேடையப் படமாப் பாரு."

"அருவாமணைக்கு முன்னால ஒக்காந்துட்டுக் கண்ண மூடச் சொல்றீங்களே, வெரல் போயிருமுங்க."

முதல் நாள் அதோடு விட்டுவிட்டேன். நாலைந்து நாள் கழித்து மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது மறுபடி கேட்டேன். "ஏதோ கலங்கலாத் தெரியற மாதர இருக்குதுங்க," என்றாள். அன்று சிறுநூலில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன். அடுத்த வாரம் நான் கேட்காமலேயே வந்து நின்றாள்.

"ஏனுங்க, அன்னைக்கு நான் பச்சச் சீலதான கட்டியிருந்தேன்?"

"பச்சைதான்."

"மைக்குக் கம்பி சில்லுனு இருந்துச்சு. நீங்க பின்னால நின்னு, பேசு பேசுன்னு முணுமுணுத்தீங்க. ஆமாங்க. வம்சத்துலன்னு ஒரு வார்த்த வந்துச்சு. இப்ப நல்லா ஞாபகம் வருது."

நான் அவளிடம் சொல்லாத விவரங்கள் இவை. சில்லென்ற கம்பி, முணுமுணுப்பு, எல்லாம் அவளே செய்துகொண்டவை. சிறுநூலில் அப்படியே இருந்தது. நட்டுவிட்டால் போதும், மனமே உரம் போட்டு வளர்த்துக்கொள்ளும் என்று. வாழ்க்கையில் நான் கலந்துகொண்ட போராட்டங்களில் முழு வெற்றி பெற்றது இது ஒன்றுதான் என்று அன்று நினைத்தேன்.

"இருந்தாலுங்க," என்றாள், "மேடைல சொன்ன சொல்லு. இத்தன வருசம் எப்படி மறந்தேன்னு தெரியலீங்க. அன்னைக்கு இருந்தவிங்க ஒருத்தரக் கேட்டுட்டா மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

சாட்சியை நான் முன்பே தயார் செய்து வைத்திருந்தேன். பழைய தோழர் குருமூர்த்தி, பனமரத்துப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறான். திருமணத்திலும் இருந்தவன், ஆத்தூர் சாலையிலும் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். போனில் அவனுக்குப் பாடம் சொன்னேன்.

"அவ என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லு. யோசிக்காதே. யோசிச்சா முகத்துல தெரிஞ்சுரும்."

"என்ன கேட்டாலுமா?"

"என்ன கேட்டாலும்."

குருமூர்த்தி கட்டளைக்குக் கட்டுப்பட்ட தொண்டன். அந்த ஒரு குணத்தால்தான் அவன் கடைசிவரை தலைவன் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து சேர்ந்தான். சென்னியம்மாள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, கத்திரிக்காய் வதக்கி, இலை போட்டாள். சத்யபிரியா அப்பளம் பொரித்து எடுத்து வந்தாள்.

"அண்ணா, எங்க கல்யாணத்துல நீங்க இருந்தீங்கல்லோ?"

"ஆமாங்க அம்மிணி."

"எங்க வம்சத்துல யாருக்கும் சாமி பேரால முடி எறக்க மாட்டோம்னு நான் மைக்குல பேசுனேங்களா?"

"ஆமாங்க அம்மிணி."

"எல்லாரும் கை தட்டுனாங்களா?"

"ஆமாங்க அம்மிணி."

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்து, குழி பறித்து, நெய் ஊற்றினாள்.

"அப்பறமுங்கண்ணா, ஆத்தூர் ரோட்டு மறியல்ல இவருக்கு மண்ட ஒடஞ்சப்ப நீங்கதான பக்கத்துல இருந்தீங்க?"

"ஆமாங்க அம்மிணி."

"அடி விழுந்த ஒடனே இவரு 'கருப்பா, உசுரக் காப்பாத்து, என்ற முடிய உனக்குத் தாரேன்'னு கத்துனாருன்னு அன்னைக்கு ஆஸ்பத்திரில வெச்சு நீங்கதான எங்கிட்டச் சொன்னீங்க?"

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். குருமூர்த்தி என்னைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். நெய் பருப்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க அம்மிணி," என்றான்.

"இன்னொரு அப்பளம் வெச்சுக்குங்கண்ணா."

நான் கையை உதறி எழுந்தேன். "பொய்."

"எதுங்க பொய்?"

"நான் கத்துனேங்கறது."

"சாட்சி சொன்னாருங்களே."

"அவன் என்ன சொன்னாலும் அது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"அவரு சொல்றது பொய்யின்னா, நான் மைக்குல பேசுனதும் பொய்யாப் போயிருமுங்களே. ரெண்டுக்கும் ஒரே சாட்சிதானுங்க. அப்படின்னா ஆவணில கொழந்தைக்கு முடி எறக்கிரலாம். இல்ல அவரு சொல்றது நெசம்னா, நான் என்ற வாக்கக் காப்பாத்தறேன், நீங்க உங்க வாக்கக் காப்பாத்துங்க. எப்படியின்னு நீங்களே சொல்லுங்க. நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்க."

எத்தனையோ அதிகாரிகளோடு பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறேன். ஒரு மாவட்ட அதிகாரி என் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தண்ணீர் கேட்டிருக்கிறார். அன்று நான் தண்ணீர் கேட்டேன்.

குருமூர்த்தியைப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துப் போனேன். வழியில் அவன் சட்டையைப் பிடிக்காத குறை.

"ஏண்டா அப்படிச் சொன்னே?"

"என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லச் சொன்னே."

"சரி. நிஜமா நான் கத்துனேனா?"

அவன் நடையை நிறுத்தினான். "இங்க வரும்போது இல்லைன்னுதான் நெனச்சேன். அம்மிணி கேட்டு நான் ஆமான்னு சொன்னப்பறம், கத்துன மாதிரிதாம்ப்பா இருக்குது. உன் கொரலு காதுல கேக்குது."

"நெய் பேசுது."

"இருக்கலாம்," என்றான். பேருந்து வந்தது.

அதன் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. மாட்டை மேயவிட்டு வரப்பில் உட்கார்ந்து அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது வெயிலில் இளகிய தார் தெரிந்தது. கவிழ்ந்த வண்டியிலிருந்து சிதறிய கிழங்கு தெரிந்தது. காதுக்குள் இறங்கிய ரத்தத்தின் சூடு தெரிந்தது. என் குரல் இல்லை. வாயே திறக்கவில்லை. தெளிவாக இருந்தது. மறுநாள் பார்த்தபோது வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. அதற்கு அடுத்த நாள் 'க' என்று ஓர் எழுத்து கேட்டது. கடவுள் இல்லை என்று சொல்லத் தொடங்கியிருப்பேன் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். வாரக் கடைசியில் 'கருப்பா' என்று முழுசாகக் கேட்டது. என் குரல்தான். கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

சிறுநூலைத் திரும்பப் புரட்டினேன். செய்தி மனதில் தங்கிவிடும், அது எந்த வழியாக வந்தது என்பது அழிந்துபோகும் என்று போட்டிருந்தது. கண்டதா, பிறர் சொல்லிக் கேட்டதா என்று மனதுக்கே தெரியாதாம். ஒரு நினைவு தெளிவாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்றும் இருந்தது. அப்படியானால் எதை வைத்து உண்மை என்று முடிவு செய்வது? முப்பத்திரண்டு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. கடைசிப் பக்கத்தில் அடுத்த வெளியீட்டுக்கான விளம்பரம்தான் இருந்தது.

எனக்கு இருந்த சொத்து அந்த ஒரு நாள்தான். மற்றவர்களுக்குப் பண்ணையும் லாரியும் வந்தன. எனக்கு, அடிபட்டபோதும் யாரையும் கூப்பிடாதவன் என்ற பெருமை இருந்தது. அதையும் நானே வரப்பில் உட்கார்ந்து அழித்துவிட்டேன்.

ஆவணி நெருங்கியது. முடிவெடுக்க வேண்டும். சாட்சியைத் தள்ளினால் பேத்தியின் தலை போகும். சாட்சியை ஏற்றால் என் தலை போகும். ஒரு தலைவன் என்ன செய்வான்? அடுத்த தலைமுறையைக் காப்பாற்றத் தன் தலையைக் கொடுப்பான். சிறைக்குப் போகும் முகத்தோடு சமையலறைக்குள் போனேன். சத்யபிரியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளையே நடுவராக வைத்து ஒப்பந்தம் பேசினேன்.

"நான் முடி எறக்கறேன். பக்தியினால அல்ல. கொடுத்த வாக்குன்னு சாட்சி இருக்கறதால. ஒத்துக்கறயா?"

"ஒத்துக்கறனுங்க."

"கொழந்த தலைல யாரும் கை வெக்கக் கூடாது. நீயோ, பிரியாவோ, அவ வகையறாவோ."

"நாங்க யாரும் வெக்கச் சொல்லமாட்டமுங்க."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாழ்நாளெல்லாம் ஒப்பந்தங்களில் கொள்கை விளக்கம் சேர்த்துப் பழகிய வாய். "தனி மனித விருப்பத்துல யாரும் தலையிடக் கூடாதுங்கறதுதான் என் கொள்கை. அந்தக் கொழந்தையே சொந்த அறிவால விரும்பிக் கேட்டாலொழிய, அது முடி அதுக்குச் சொந்தம்."

"கொழந்தையே கேட்டாலொழிய," என்று சென்னியம்மாள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "பிரியா, கேட்டுக்கிட்டியா சாமி?"

"கேட்டுக்கிட்டனுங்கத்த," என்றாள் மருமகள்.

எங்கள் பக்கம் பெரியவர்களையும் சின்னவர்களையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னையும் அறியாமல் நானும் பேத்தியை அப்படித்தான் கூப்பிடுகிறேன். கொள்கை ரீதியாக இதில் எனக்குள்ள சங்கடத்தை யாரும் புரிந்துகொண்டதில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காட்டுக்கு நடுவில் கருப்பனார் கோயில். பொங்கல் வைக்கும் புகை கண்ணைக் கரித்தது. சத்யபிரியாவின் தம்பி கதிர்வேல் அங்கே நின்றான். கையில் குழந்தைக்கான புதுப் பாவாடை சட்டை.

"நீ எங்கடா இங்க?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க மாமா."

அந்தப் பக்கம் கோயிலையும் பாறைக் கரட்டையும் தவிர எதுவும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மணையில் உட்கார்ந்தேன். குனியவில்லை. நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். மேடையில் பேசும்போது பின்னுக்குத் தள்ளித் தள்ளி நான் வளர்த்த முடி மடியில் விழுந்தது. மண்டையில் பழைய தழும்பு வெளியே வந்தது. முடி எடுப்பவர் அதைத் தடவி, "எங்கீங்க அடிபட்டது?" என்று கேட்டார். "மக்களுக்காக," என்றேன். "ஊடு மாத்தறப்ப உத்தரம் இடிச்ச மாதர இருக்குதுங்க," என்றார் அவர். சென்னியம்மாள் சந்தனத்தை அரைத்துக் கொண்டுவந்து தலை முழுக்கப் பூசினாள். பூசும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, அழுகையை அடக்கினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

யுவஸ்ரீ ஓடி வந்தாள். இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துத் தடவினாள். முகம் மலர்ந்தது.

"தாத்தா நெலா."

"ஆமாம் சாமி. நெலாதான்."

"எனக்கும் நெலா வேணும்."

பொங்கல் பானையைக் கிளறிய கரண்டி நின்றது.

"நெலான்னு யாருடா சாமி சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டேன்.

"அப்பத்தா தெனமும் கதை சொல்லும். தாத்தா நெலாத் தல. பாப்பா குட்டி நெலாத் தல."

நான் திரும்பிப் பார்த்தேன். சென்னியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். ஒப்பந்தத்தை அணுவளவும் மீறாதவள் நிற்கும் நிலை அது.

"நாங்க யாரும் தல மேல கை வெக்கச் சொல்லலீங்க. கொழந்தயாத்தான் கேக்குது. பிரியா, நீ கேட்டியல்லோ?"

"கேட்டனுங்கத்த. அவளாத்தான் கேட்டா."

நான் குழந்தையை மடியில் உட்கார வைத்தேன். "சாமி, நல்லா யோசிச்சுச் சொல்லு. முடி போயிரும். ரிப்பன் கட்ட முடியாது. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல. உனக்குப் பூரண சுதந்திரம் இருக்குது."

"நெலா வேணும்," என்றாள் அவள். உறுதியான குரல். மறியலுக்கு உட்கார்ந்தவளைப் போல மணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். 'சும்மா இந்தப் பக்கம்' வந்த கதிர்வேல் வந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடி எடுப்பது வழக்கம். எங்கள் குடும்பத்தில் முறைப்படி எல்லாம் நடந்தது.

திரும்பும்போது வேனில் இரண்டு சந்தனத் தலைகள் பக்கத்தில் பக்கத்தில் ஆடிக்கொண்டு வந்தன. பேத்தி தூங்கிவிட்டாள். நான் மெதுவாகக் கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லு சென்னி. ஆத்தூர் ரோட்டுல நான் நிஜமாவே கத்துனேனா?"

"நீங்க சொல்லுங்க. கல்யாணத்துல நான் நெசமாலுமே மைக்குல பேசுனேங்களா?"

ஜன்னலுக்கு வெளியே கிழங்குக் காடு போய்க்கொண்டிருந்தது. என்னிடம் கடைசியாக ஒரே ஓர் அறிவியல் மிச்சம் இருந்தது. அதை எடுத்து வீசினேன்.

"மூணு வயசுல நடந்தது பெரிசானப்பறம் எந்தக் கொழந்தைக்கும் சரியா ஞாபகம் இருக்காது. அந்தப் புத்தகத்துலயே போட்டிருக்குது. நீ ஜெயிச்சது அவளுக்குத் தெரியவே போறதில்ல."

சென்னியம்மாள் பேத்தியின் தலையில் காய்ந்த சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அதுக்கென்னங்க, அவ தாத்தாதான் ஆசப்பட்டுக் கூட்டிட்டுப் போயி முடி எறக்குனாருன்னு நான் சொல்லிச் சொல்லி ஞாபகம் வர வெச்சர்றனுங்க."